உங்களுக்குத் தெரியுமா? ஒருக்களித்துப் படுக்க விடாத வலி

★ இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். பேன்ட் பாக்கெட் வரும் இடத்தில் ஓர் எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். தொடை எலும்பின் மேல்முனையில், வெளிப்பக்கமாகத் துருத்தி நிற்கும் பகுதி அது. மருத்துவர்கள் ‘ட்ரோகாண்டர்’ என்பார்கள். ஒருக்களித்துப் படுத்தால் உடம்பின் பாரம் இறங்குவது இதன்மேல்தான். நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் நள்ளிரவில் விழித்து, எந்தப் பக்கம் படுப்பதென்று தெரியாமல் புரண்டுகொண்டிருப்பது இந்த இடத்து வலியால்தான். மாடிப்படி ஏறும்போது, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது என்று பகலிலும் அது விடுவதில்லை.

★ நெடுங்காலமாக இதற்கு ‘பர்சைட்டிஸ்’ என்றுதான் மருந்துச் சீட்டில் எழுதினார்கள். முண்டுக்கும் அதன்மேல் ஓடும் தசைகளுக்கும் நடுவே, உராய்வைக் குறைப்பதற்காக மெல்லிய திரவப் பைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வீங்கிவிட்டது, வீக்கத்தை வற்ற வைத்தால் வலி போய்விடும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது. இதே வலியோடு வந்த 877 பேரின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தார்கள். 700 பேருக்குப் பையில் வீக்கமே இல்லை! ஏறக்குறையப் பாதிப் பேரிடம் தெரிந்தது வேறு கோளாறு: முண்டில் வந்து ஒட்டும் தசைநாண்கள் தடித்து, நைந்து, வலுவிழந்திருந்தன. பழைய பெயர் மட்டும் இன்றைக்கும் பல சீட்டுகளில் தொடர்கிறது. கூடவே ‘வீக்கத்துக்கு மாத்திரை, வலிக்கு ஓய்வு’ என்ற பழைய வைத்தியமும்.

★ அந்தத் தசைநாண்கள் என்ன வேலை செய்கின்றன? குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்று பிட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகள். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பெலும்பு தராசுக் கோல் போல மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவை இரண்டும். இழுக்கும் விசை கொஞ்சநஞ்சமல்ல. செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்து பெர்லினில் அளந்து பார்த்தார்கள். சாதாரண நடையிலேயே உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு பாரம் மூட்டில் விழுந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வோர் அடிக்கும் 140 கிலோவுக்கு மேல். அதில் பெரும்பங்கு இந்தத் தசைகளின் இழுப்பால் வருவது.

★ சிம்பன்சி இரண்டு காலில் நடந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆடி ஆடித்தான் நடக்கும். அதன் இடுப்பெலும்பின் தட்டையான மேல்பகுதி முதுகுப் பக்கம் பார்த்திருப்பதே காரணம். நமக்கு அது பக்கவாட்டுக்குத் திரும்பியிருக்கிறது. 1974-இல் எத்தியோப்பியாவில் தோண்டியெடுத்த, சுமார் 32 லட்சம் ஆண்டுகள் பழைய ‘லூசி’யின் இடுப்பெலும்பும் அப்படியே திரும்பியிருந்தது. நிமிர்ந்து நடப்பதற்கு மனித இனம் கட்டிக்கொண்டிருக்கும் வாடகையில் இந்த வலியும் ஒரு பகுதி என்று தோன்றுகிறது.

★ ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பின் மறுபக்கம் தாழ்ந்து போனால், நிற்கும் பக்கத்துத் தசை வலுவிழந்திருக்கிறது என்று பொருள். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ட்ரெண்டலன்பர்க் இதை விளக்கியது 1895-இல். நூற்றாண்டு கடந்தும், எம்.ஆர்.ஐ. இருக்கும் மருத்துவமனைகளிலும், மருத்துவர் முதலில் உங்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது அவர் புண்ணியத்தில்தான்.

★ வீட்டிலேயே ஒரு சோதனை. சுவரோரமாக நின்று, ஒரு விரலால் மட்டும் சுவரைத் தொட்டபடி, வலிக்கும் காலில் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் பக்கவாட்டு முண்டில் உங்களுக்குப் பழக்கமான அதே வலி தலைகாட்டினால், தசைநாண் மேல் சந்தேகம் வலுக்கிறது. முண்டை விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அழுத்தியும் வலிக்கவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் வேறு யாரோ. தடுமாறி விழக்கூடிய வயதினர் பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

★ ஸ்கேனில் ‘தசைநாண் தேய்வு’ என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் இந்த இடத்தில் மாற்றங்கள் தெரிவது சகஜம். அறிக்கைக்கு அல்ல, வலிக்குத்தான் வைத்தியம்.

★ இனி இரவு விஷயம். இந்த வலிக்காரர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

வலிக்கும் பக்கம் கீழே இருக்கும்படி படுத்தால் வலிப்பது எல்லோருக்கும் புரிகிறது. முண்டு நேரடியாக நசுங்குகிறது. மறுபக்கம் திரும்பிப் படுத்தாலும் ஏன் வலிக்கிறது? மேலே இருக்கும் கால் முன்பக்கமாகச் சரிந்து, முழங்கால் மெத்தையில் போய் முட்டுகிறது. அதாவது, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போய்விடுகிறது. அப்போது தசைநாண் முண்டின்மேல் இழுபட்டு, மேலிருந்து தசைப்பட்டையால் அழுத்தவும் படுகிறது. தசைநாண்கள் இழுவையை ஓரளவு தாங்கும். இழுவையும் நசுக்கலும் ஒன்றாக வந்தால் தாங்குவதில்லை. தூங்கும் ஆறேழு மணி நேரமும் இது நடந்தால், பகல் முழுக்கச் செய்த வைத்தியம் வீண்.

வழி என்ன? மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்வது முதல் தேர்வு. அது ஒத்துவராதவர்கள் வலியில்லாத பக்கம் ஒருக்களித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைக்கலாம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முழங்கால்களுக்கு நடுவே மட்டும் சின்னத் தலையணை வைத்தால் பாதம் கீழே தொங்கும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி நீளமாக, மேல்கால் இடுப்பு மட்டத்திலேயே நிற்குமளவு தடிமனாக இருக்க வேண்டும். ஒரு தலையணை போதாவிட்டால் இரண்டு. தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்கள், வலி தணியும்வரையாவது பாயின்மேல் ஒரு கெட்டிப் போர்வையை இரண்டு மூன்றாக மடித்துப் போட்டுக்கொள்ளலாம். ‘தரையில் படுத்தால் எல்லா வலியும் போகும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது முதுகுக்கு எப்படியோ, இந்த முண்டுக்குப் பொருந்தாது.

★ அந்த இரவுக் கணக்கேதான் பகலுக்கும். கால் மேல் கால் போட்டு உட்கார்வது, கால்களை ஒரே பக்கமாக மடக்கித் தரையில் உட்கார்வது, டூவீலர் பின்சீட்டில் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டுக்கொண்டு போவது எல்லாவற்றிலும் ஒரு தொடையாவது உள்பக்கம் சாய்கிறது. சம்மணம் கொஞ்சம் வேறு. அதில் முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிகின்றன. அதனால் சம்மணத்துக்குப் பொதுத்தடை தேவையில்லை. சிலருக்கு அதிலும் பக்கவாட்டில் பிடிக்கும். அவர்கள் மட்டும் சில வாரங்களுக்கு நாற்காலியில் சாப்பிடலாம். தாழ்ந்த சோபாவைவிட உயரமான நாற்காலி நல்லது.

★ பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் உடல் எடையை ஒரு காலில் போட்டு, அந்தப் பக்கத்து இடுப்பைத் துருத்திக்கொண்டு நிற்பார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயும் பாட்டியும் இப்படியே. மணிக்கணக்கில் சமையல் மேடை முன் நிற்பவர்களும் இப்படியே. எடையை இரண்டு கால்களுக்கும் பங்கிட்டு, பாதங்களைக் கொஞ்சம் அகட்டி நிற்பது காசு செலவில்லாத வைத்தியம். குழந்தையை அடிக்கடி கீழே இறக்கிவிடுங்கள். அதற்கும் கால் இருக்கிறது.

★ ‘வலித்தால் நன்றாக இழுத்துவிடு’ என்பது யூடியூப் வந்த பிறகு எல்லோர் வாயிலும் இருக்கிறது. காலைக் குறுக்கே போட்டு முழங்காலை மார்போடு அணைத்து இழுக்கும் பயிற்சியைப் பலர் தினமும் செய்கிறார்கள். இழுக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தசைநாணை முண்டின்மேல் வைத்து நசுக்கும் அதே நிலைதான் அது! வலி ஆறாமல் மாதக்கணக்கில் நீள்வதற்கு இந்தச் சுகமும் ஒரு காரணம். எலும்பு முண்டின் மேலேயே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் அப்படித்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இதமாக இருக்கும். ஆனால் அது தசையைப் பலப்படுத்தாது.

★ இந்த வலி ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. நாற்பது முதல் அறுபது வயது வரை உச்சம். பெண்களின் இடுப்பெலும்பு அமைப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தசைநாண்களின் தரம் மாறுவது இன்னொன்று. 2014-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஒப்பீடு நடந்தது. இந்த வலி உள்ளவர்களையும், மூட்டு முற்றிலும் தேய்ந்து மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். வாழ்க்கைத் தரத்திலும் உடல் முடக்கத்திலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ‘வயசானா அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டலாம்.

★ ஸ்டீராய்டு ஊசி போட்டால் போகுமா? போகும், ஆனால் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

2009-இல் 229 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு வீட்டுப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு ‘ஷாக் வேவ்’ எனும் அதிர்வலைச் சிகிச்சை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஊசிதான் ஹீரோ: 75 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பயிற்சி செய்தவர்களில் வெறும் 7 சதவீதம். இந்தக் கட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ‘எக்சர்சைஸ் எல்லாம் சும்மா’ என்று கைவிடுகிறார்கள். 15 மாதம் கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது ஊசிப் பிரிவு 48 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பயிற்சிப் பிரிவு 80-க்கு ஏறியிருந்தது. அதிர்வலைப் பிரிவு 74.

2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் தெளிவானது. பிரிஸ்பேன், மெல்போர்ன் நகரங்களில் 35 முதல் 70 வயது வரையிலான 204 பேர். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரத்தில் 14 முறை பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் பயிற்சி. கூடவே எப்படி நிற்பது, உட்கார்வது, படுப்பது என்ற பாடம். இரண்டாம் பிரிவுக்கு ஒரே ஓர் ஊசி. மூன்றாம் பிரிவுக்கு ஆறுதலும் அறிவுரையும் மட்டும். எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள் முறையே 77, 58, 29 சதவீதம். ஓராண்டு முடிவில் 79, 58, 52. ஊசி போட்டவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் இடைவெளி ஓராண்டில் எவ்வளவு சுருங்கிவிட்டது, பாருங்கள்!

ஊசியே கூடாது என்பதல்ல என் கட்சி. தூங்கவே முடியாத வலியில் துடிப்பவருக்கு ஓர் ஊசி கொடுக்கும் சில வார நிம்மதியில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். ஆனால் ஊசி, மூன்று மாதம், மறுபடி ஊசி, மறுபடி மூன்று மாதம் என்று ஓட்டுவது சரியல்ல.

★ சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு தனிச் செய்தி: மூட்டுப் பக்கம் போடும் ஸ்டீராய்டு ஊசி அந்த இடத்தோடு நிற்காது. சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரையை எகிற வைக்கும். ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரம் சர்க்கரையை அடிக்கடி பரிசோதியுங்கள்.

★ சரி, என்ன பயிற்சி? ஜிம் தேவையில்லை. மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்து, தொடைகளைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கால்களை வெளிப்பக்கம் தள்ள மெல்ல முயல்வது முதல் படி. கால் நகராது; தசை மட்டும் இறுகும். சில விநாடிகள் பிடித்து விடுவது. அடுத்த படி, முழங்கால்களை மடக்கிப் படுத்து இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது. பிறகு, நாற்காலியிலிருந்து இரண்டு கால்களுக்கும் சம எடை கொடுத்து நிதானமாக எழுந்து உட்கார்வது. கடைசியில் பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பதும் படியேறுவதும். எந்தப் படியில் தொடங்குவது, எப்போது அடுத்ததற்குப் போவது என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வது உத்தமம்.

★ பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்த வேண்டுமா? வேண்டாம். அன்றைய இரவைக் கவனியுங்கள். இரவு வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் செய்தது அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். கூடவில்லை என்றால் தொடரலாம். தசைநாண் வலுப்பெறுவது வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். முழு ஓய்வு எடுத்தால் தசை இன்னும் மெலியும், நிலைமை மோசமாகும்.

★ ஊன்றுகோலை வலிக்கும் காலின் பக்கம் பிடிப்பவர்களே அதிகம். சினிமாவிலும் அப்படியே காட்டுகிறார்கள். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். அப்போதுதான் வலிக்கும் பக்கத்துத் தசையின் வேலை குறையும். ‘கைத்தடியைத் தூக்கியெறியாதீர்கள்’ என்று அமெரிக்க எலும்பியல் மருத்துவர் வால்டர் பிளவுன்ட் 1956-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். காய்கறிப் பைக்கு விதி நேர் தலைகீழ்: அதை வலிக்கும் பக்கத்துக் கையில் தூக்க வேண்டும்! எதிர்ப்பக்கம் தூக்கினால், சரியும் இடுப்பைப் பிடித்து நிறுத்த வலிக்கும் தசை இன்னும் கூடுதலாக உழைக்கும்.

★ முதுகெலும்பு நிபுணர்களிடம் அனுப்பப்பட்ட 252 பேரைப் பரிசோதித்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பக்கவாட்டு வலி இருந்தது. வெளித்தொடை வழியாக முழங்கால் வரை இது பரவுவதால் ‘டிஸ்க்’, ‘சயாட்டிகா’ என்று முதுகுக்கு ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லாமல், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். வலி பாதம்வரை இறங்கினால், விரல்கள் மரத்தால், முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

★ இடுப்பு மூட்டே தேய்ந்தவர்களுக்கு வலி பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்காது. முன்பக்கம், தொடையிடுக்கில் இருக்கும். குனிந்து கால் நகம் வெட்டவும் சாக்ஸ் போடவும் திணறுவார்கள். பக்கவாட்டுத் தசைநாண் வலிக்காரர்களுக்கு அந்தச் சிரமம் பொதுவாக இல்லை.

★ மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டுக்கும் வெளித்தொடையில் தொந்தரவு இருந்தது. அதைப் பற்றி 1895-இல் தானே எழுதியும் வைத்தார். அவருக்கு வந்தது வேறு: தொடையின் வெளித்தோலுக்குப் போகும் ஒரு நரம்பு இடுப்பருகே அழுந்துவதால் வரும் எரிச்சலும் மரத்துப்போதலும். இறுக்கமான பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ், தொப்பை, கர்ப்பம் ஆகியவை காரணங்கள். முண்டை அழுத்தினால் வலிக்காது. தோலைத் தொட்டால் எரியும். பெல்ட்டைத் தளர்த்தினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

★ தசைநாண் கிழிந்தும் போகலாம். 1997-இல் பிரிட்டனில், தொடை எலும்பின் கழுத்து முறிந்து அறுவைக்கு வந்த 50 பேரில் 11 பேருக்கு இந்தத் தசைநாண்கள் ஏற்கெனவே கிழிந்திருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். பெரிய கிழிசலைத் தைத்துச் சேர்க்கும் அறுவை இப்போது உண்டு. மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் நொண்டல் தீராதவர்களுக்கே அது.

★ சிலவற்றைப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாத வலி. காய்ச்சலோடு வலி. காரணமில்லாத எடைக்குறைவு. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி. ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர்களுக்கும் அளவில்லாமல் குடிப்பவர்களுக்கும் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். முண்டில் மெல்ல வளரும் வீக்கம் இருந்தால், நம் நாட்டில் காசநோயையும் நினைக்க வேண்டும். அரிதுதான், ஆனால் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: எலும்புப் புரைக்காக ‘அலெண்ட்ரோனேட்’ போன்ற மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவருக்குத் தொடையில் மந்தமான வலி புதிதாகத் தொடங்கினால், அது எலும்பு விரிசலின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

★ பிசியோதெரபி என்றால் பெரிய தனியார் மருத்துவமனை, பெரிய பில் என்று பயப்படுகிறீர்களா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உண்டு. அடுத்த முறை ‘ஓர் ஊசி போட்டுவிடலாமா?’ என்று மருத்துவர் கேட்டால், ‘பயிற்சியை யார் சொல்லித் தருவார்கள்?’ என்று நீங்களும் கேளுங்கள்.